மலைவீட்டு மீன்தொட்டியில் பாசி: கண்டுபிடிப்பது, கட்டுப்படுத்துவது, முழு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் பாசியில்தான் வந்து நிற்கும். கண்ணாடியெல்லாம் பச்சை, இல்லையென்றால் இலை ஓரமெல்லாம் கறுப்பு மயிர், அதுவும் இல்லையென்றால் தண்ணீரே பச்சை. உடனே ஒரு பாட்டில் பாசி மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள், இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வீடியோக்களில் சமவெளிக்காரர்கள் சொல்வது அவர்கள் தண்ணீருக்குச் சரி. நம் தண்ணீர், நம் வெயில், நம் குளிர் மூன்றும் வேறு, அதனால் அளவும் மாறும், எதை முதலில் செய்வது என்கிற வரிசையும் மாறும். கீழே இருப்பது 30 லிட்டரில் இருந்து 80 லிட்டர் வரை பிடிக்கிற நன்னீர்த் தொட்டிகளுக்கு.

நம் தொட்டி எந்த வகையில் வேறு

தண்ணீரில் இருந்து ஆரம்பிப்போம். பார்சன்ஸ் வேலியில் இருந்து வருகிற ஊட்டித் தண்ணீரோ, ரேலியா அணையில் இருந்து வருகிற குன்னூர்த் தண்ணீரோ, எஸ்டேட் ஊற்றுத் தண்ணீரோ, பெரும்பாலும் மென்னீர்தான். சோப்பு போட்டால் நுரை லேசில் போகாது. கார்பனேட் குறைவு என்பதால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) கொஞ்சம் கொஞ்சமாக 6.5க்குக் கீழே இறங்கிவிடும். மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற ஃபில்டர் பாக்டீரியாவுக்குக் குளிரும் ஒத்துவராது, அமிலத் தண்ணீரும் ஒத்துவராது. சமவெளியில் புதுத் தொட்டி ஒரு மாதத்தில் பதப்படும் என்றால் இங்கே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிஎச் 8, வெப்பம் 28 டிகிரி இருக்கிற தண்ணீரில் அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் மீனைக் கொல்கிற வடிவத்தில் இருக்கும். பிஎச் 6.5, வெப்பம் 20 டிகிரி என்றால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம்தான், மீதியெல்லாம் அம்மோனியமாக இருக்கும். அதனால் நம் தொட்டியில் மீன் வாடாது, மூச்சு வாங்காது, நன்றாகவே நீந்தும். ஆனால் அம்மோனியம் பாசிக்கு நேரடிச் சாப்பாடு. மீன் நன்றாக இருக்கிறதே, தண்ணீரில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாசி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது வெயில். நாம் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம், அதனால் பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும். ஐப்பசியில் இருந்து மாசி வரை தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் ஆழமாக வந்து விழும், மழை ஓய்ந்த பிறகு வானமும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். குளிருக்காக நம் வீடுகளில் கண்ணாடி ஜன்னல் பெரிதாக வைப்பார்கள், மீனுக்குச் சூடு கிடைக்கட்டும் என்று தொட்டியை அதன் பக்கத்திலேயே வைப்பார்கள். கோத்தகிரியில் அப்படி ஒரு தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தின் நிழல் விழுகிற இடம் மட்டும் ஒரு குறுக்குக் கோடாகச் சுத்தமாக இருந்தது, வெயில் படுகிற நான்கு கட்டங்களும் திட்டுத்திட்டாகப் பச்சை. அந்தத் தொட்டிக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. இடத்தை மாற்றியதே போதுமாக இருந்தது.

மூன்றாவது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். கடற்கரையில் 28 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். ஊட்டியில் ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்த தண்ணீர் சுமார் 6.3தான் பிடிக்கும். குளிர்ந்த ஊர், ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்கிற நினைப்பு ஹீட்டர் போட்ட தொட்டிக்குப் பொருந்தாது. பாசி மொத்தமாகச் சாகும்போது அது அழுகி ஆக்சிஜனை இழுத்துவிடும், மீன் அதில்தான் சாகும். ஆகவே கீழே சொல்லும் எந்த வைத்தியத்துக்கும் ஏர் பம்ப் ஓடுவது கட்டாயம்.

முதல் படி: தொட்டுப் பார், முகர்ந்து பார்

பெயர் தெரியாமல் வைத்தியம் செய்யாதீர்கள். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தேய்த்துப் பார்ப்பது நிறையச் சொல்லும்.

கண்ணாடியில், கல்லில், இலையில் காபித்தூள் நிறத்தில் மெல்லிய படிவு, விரல் வைத்தால் உடனே கரைந்து வருகிறது என்றால் அது பழுப்புப் பாசி, அதாவது டயாட்டம். புதுத் தொட்டியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்ணீரில் இருக்கிற சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும், குளிரும் மங்கல் வெளிச்சமும் இதற்குப் பிரச்சினையே இல்லை. மழைக்காலத்தில் குழாயில் கலங்கல் தண்ணீர் வரும்போது பழைய தொட்டியிலும் தலைகாட்டும். துடைத்துவிட்டுக் காத்திருங்கள், சில வாரங்களில் தானாகப் போகும்.

கண்ணாடியில் பச்சை மாவு பூசியது போல, ஒரே இழுப்பில் துடைபடுகிறது, ஆனால் மறுநாளே திரும்ப வருகிறது என்றால் பச்சைத் தூள் பாசி. தினமும் துடைப்பதில் பயனில்லை, அதன் வித்துகள் நீந்திப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் போல அப்படியே விட்டு, தடித்துத் தானாக உரியத் தொடங்கும்போது மொத்தமாக வழித்து எடுத்து, அன்றே பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் நடக்கிற காரியம். அதுவரை பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வட்ட வட்டமாகக் கெட்டியான பச்சைப் புள்ளி, நகத்தால் சுரண்டினாலும் வர மறுக்கிறது என்றால் பச்சைப் புள்ளிப் பாசி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி மெதுவாக வளரும் செடிகளின் பழைய இலையில் கட்டாயம் இருக்கும். வெளிச்சம் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் இருக்கிற தொட்டியில் கூடுதலாக வரும். கண்ணாடித் தொட்டி என்றால் பழைய ஷேவிங் பிளேடு போதும், அக்ரிலிக் என்றால் பிளேடு பக்கமே போகாதீர்கள், கீறல் விழுந்துவிடும்.

நீள நீளமான பச்சை நூல், செடிக்குள் சிக்கிக் கிடப்பது நூல் பாசி. வழவழவென்று சளி மாதிரி இருந்தால் ஒரு வகை, சொரசொரவென்று பழைய கயிற்றுப் பிரி மாதிரி இருந்தால் இன்னொரு வகை, இரண்டாவதுதான் பிடிவாதக்காரன்.

கறுப்பாக அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் குஞ்சமாக, இலை விளிம்பிலும் ஃபில்டர் வாயிலும் மரக்கட்டையிலும் உட்கார்ந்திருப்பது கறுந்தாடிப் பாசி. இழுத்தால் இலைதான் கிழியும். கிளை கிளையாக மான்கொம்பு வடிவில் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது மான்கொம்புப் பாசி. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இரண்டும் சிவப்புப் பாசி இனம். சந்தேகமாக இருந்தால் ஒரு இலைத்துண்டை எடுத்து ஒரு பாட்டில் மூடியில் போட்டு மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சில சொட்டு விட்டு மூடிவையுங்கள். ஸ்பிரிட் பச்சையத்தைக் கரைத்து எடுத்துவிடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் மயிரெல்லாம் இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ மாறியிருந்தால் சிவப்பு இனம், வெளுத்துப்போயிருந்தால் பச்சை நூல் பாசி. வைத்தியம் வேறு வேறு என்பதால் இந்தச் சோதனைக்குச் செலவிடும் நேரம் வீண் இல்லை.

கருநீலப் பச்சையில் ஒரு வழவழப்பான போர்வை, சரளைக்கல் மேலும் செடி மேலும் படர்ந்து, ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வருகிறது, கையில் சேற்று நாற்றம் அடிக்கிறது என்றால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள், சில வகைகளில் நச்சு உண்டு.

கடைசியாகப் பச்சைத் தண்ணீர். கண்ணாடி சுத்தமாக இருக்கும், தண்ணீர் மட்டும் பட்டாணி சூப். எவ்வளவு தண்ணீர் மாற்றினாலும் மிச்சம் இருப்பது ஓரிரு நாளில் பெருகிவிடும்.

இரண்டாம் படி: வெளிச்சத்தைக் கட்டு

எந்தப் பாசியாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஜன்னல் வெயில் நேராகப் படுகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். காலை 8 மணி, மதியம், மாலை 4 மணி என்று மூன்று தடவை பார்த்தால் போதும். பட்டால் தொட்டியை நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஜன்னல் பக்கக் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் பேப்பரை வெளியில் இருந்து ஒட்டிவிடுங்கள்.

எல்இடி விளக்கை டைமர் ப்ளக்கில் மாட்டி 6 மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள். கையால் போட்டு அணைப்பது வேண்டாம், விருந்தாளி வந்தால் ராத்திரி 11 மணி வரை எரியும். நம் குளிரில் செடி வளர்வது மெதுவாகத்தான் நடக்கும். 18, 19 டிகிரித் தண்ணீரில் இருக்கிற செடிக்குச் சமவெளித் தொட்டிக்குக் கொடுக்கிற 9 மணி நேர வெளிச்சத்தைக் கொடுத்தால் செடி பயன்படுத்தாத மீதி முழுக்கப் பாசிக்குப் போகும். மூன்று வாரம் பாசி கூடாமல் இருந்தால் வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள், 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் படி: சாப்பாட்டைக் குறை

இது மீனுக்குப் போடுகிற சாப்பாடும் பாசிக்குப் போகிற சாப்பாடும் சேர்த்துத்தான். ஹீட்டர் இல்லாத தொட்டியில் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் 16 டிகிரிக்கு வந்துவிடும், அப்போது மீனுக்குச் செரிமானமே மந்தமாகிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் ஆளுக்கு ஒரு பிடி போடுவது நடக்கும், டப்பாவை ஒருவர் கையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுச்சத்து கூடினால் நீர்நிலைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஊட்டி ஏரியே சாட்சி. ஜான் சல்லிவன் 1820களில் வெட்டிய ஏரி, பல காலமாகக் கழிவுநீர் கலந்து பச்சை பூத்து, ஆகாயத்தாமரை மண்டி, இன்றுவரை தூர்வாரி மாளவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை நான்கில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், குழாயைச் சரளைக்குள் விட்டு அழுக்கையும் சேர்த்து உறிஞ்சுங்கள். பனிக்காலக் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும்; கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கலந்து, தொட்டி வெப்பத்துக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து, ஆன்டி க்ளோரின் போட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நிற்கும். இறால் இருந்தால் கீசர் தண்ணீர் வேண்டாம், செம்பு கரைந்து வர வாய்ப்பு உண்டு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். மான்கொம்புப் பாசி இருக்கிற வீடுகளில் ஃபில்டரைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே சேறு.

ஊற்று, கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் நைட்ரேட் சொட்டுச் சோதனை செய்துவிடுவது நல்லது. மேலே கேரட், உருளைத் தோட்டமோ தேயிலையோ இருந்தால் மழைக்குப் பிறகு உரம் இறங்கி வரும். அப்படி இருந்தால் மழைநீரைச் சேர்த்துக் கலந்துகொள்ளலாம்.

பிஎச் மிகவும் இறங்கிவிட்டது என்று ஒரே நாளில் கிளிஞ்சலையும் சோடா உப்பையும் அள்ளிப் போடாதீர்கள். மேலே சொன்ன அம்மோனியம் அப்போது விஷமாக மாறும். முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, ஒரு சின்னத் துணிப்பையில் ஒரு பிடி கிளிஞ்சலைக் கட்டி ஃபில்டர் ஓட்டத்தில் வைத்தால் மெதுவாக ஏறும்.

நான்காம் படி: போட்டிக்கு ஆள் இறக்கு

வேகமாக வளரும் செடி இல்லாத தொட்டியில் பாசியைத் தடுப்பது கடினம். வேலம்பாசி, வாட்டர் ஸ்ப்ரைட், வாலிஸ்னேரியா மூன்றும் நம் குளிரைத் தாங்கும், விலையும் குறைவு. மேலே மிதக்கிற சால்வினியா கொஞ்சம் விட்டால் வெளிச்சத்தையும் குறைக்கும், அம்மோனியத்தையும் இழுக்கும். மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மேல் போக விடாமல் வாரம் ஒரு பிடி அள்ளிவிடுங்கள். வெளியில் இருந்து வரும் செடியைத் தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், கறுந்தாடி பெரும்பாலும் இலையோடுதான் வீட்டுக்கு வருகிறது.

பாசி தின்னும் மீன் என்றதும் கடைக்காரர் நீட்டுவது சக்கர் மீன். வாங்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும், வளர வளர பாசியை விட்டுவிட்டு மீன் தீனிக்கு வரும், அது போடுகிற கழிவே பாசிக்கு உரம். சமாளிக்க முடியாமல் ஆற்றில் விடுகிறார்கள். குன்னூர் ஆறு பவானியில் போய்ச் சேருகிறது, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பெருகி வலையைக் கிழிக்கிறது. கோல்டன் சக்கர் என்று மஞ்சளாக ஒன்று தருவார்கள், அது சைனீஸ் ஆல்கே ஈட்டர், பெரிதானால் மற்ற மீனின் மேல் ஒட்டி உரசிப் புண்ணாக்கும். ஹீட்டர் இருக்கிற தொட்டிக்கு ஓட்டோ என்கிற சின்னப் பாசி தின்னி மீன் மூன்று நான்கு, நெரைட் நத்தை இரண்டு போதும். ஓட்டோ பழுப்புப் பாசியை விரும்பித் தின்னும், தொட்டி பதப்பட்ட பிறகே விடுங்கள். ஹீட்டர் இல்லையென்றால் அமானோ இறால் குளிரைத் தாங்கும். காட்டோடையில் கல்லோடு ஒட்டி வாழும் மீனைப் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது பாய்கிற தண்ணீரில் வாழ்கிற ஜீவன், தொட்டியில் தேங்கிய தண்ணீரில் வதைபட்டுச் சாகும்.

ஐந்தாம் படி: கடைசியில் மருந்து

மேலே சொன்னவற்றை ஒரு மாதம் செய்த பிறகும் கறுந்தாடியும் மான்கொம்பும் இருக்கும், ஏனென்றால் வந்தது தானாகப் போகாது. இதற்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், நம் கடைகளில் 3 சதவீதமும் கிடைக்கும், 20 வால்யூம் என்று போட்ட 6 சதவீதமும் கிடைக்கும். 3 சதவீதம் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி, 6 சதவீதம் என்றால் அதில் பாதி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி கணக்குக்கு 56 லிட்டர், மணல், கல், மேல் இடைவெளி போக 45 லிட்டர்தான் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு 3 சதவீத மருந்து 11 மில்லி, அதற்கு மேல் கூடாது.

ஃபில்டரையும் ஏர் பம்பையும் இந்தச் சில நிமிடம் மட்டும் நிறுத்துங்கள், தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, குஞ்சத்துக்கு மிக அருகில் வைத்து மெதுவாக விடுங்கள். சரியான இடத்தில் பட்டால் மயிர் நுனியில் இருந்து பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஃபில்டரையும் ஏர் பம்பையும் போட்டு, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்தக் குஞ்சம் இளஞ்சிவப்பாகி, அப்புறம் வெளுத்து உதிரும். அந்த நிறத்தில் இறால்கள் அதைத் தேடி வந்து தின்னும். பாசி நிறைய இருந்தால் ஒரே நாளில் முழுத் தொட்டிக்கும் போகாதீர்கள், இரண்டு நாளைக்கு ஒரு மூலை. ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா மேல் நேரடியாக விடாதீர்கள், கருகும். இறால் மேலும் படக்கூடாது.

கல், மரக்கட்டையில் இருந்தால் வெளியே எடுத்து வேலையைச் செய்வது சுலபம். மரக்கட்டையைக் கொதிக்க வைப்பவர்கள் நினைவில் வையுங்கள், ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி போலவே கொதித்துவிடும், அரை மணி நேரமாவது விடுங்கள். கல்லைக் கொதிக்க வைக்க வேண்டாம், சில கல் வெடிக்கும், பெராக்சைடு தடவி ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தால் போதும். நூல் பாசிக்குப் பழைய டூத்பிரஷ்தான், உள்ளே விட்டுச் சுழற்றினால் பிரஷில் சுற்றிக்கொண்டு வரும்.

பச்சைத் தண்ணீருக்கும் சயனோபாக்டீரியாவுக்கும் இருட்டடிப்பு. சயனோ படலம் இருந்தால் அதை முதலில் கையால் உரித்து, உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, வீட்டில் இருக்கிற தடிக் கம்பளியால் நான்கு பக்கமும் மேலேயும் சுற்றி மூடுங்கள். மூன்று முழு நாள், நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது, சாப்பாடும் வேண்டாம், ஏர் பம்ப் மட்டும் விடாமல் ஓடட்டும். கம்பளி ஹீட்டரையும் பம்பின் காற்று வரும் வழியையும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் மறுபடி பாதித் தண்ணீர் மாற்றம், செத்தது அழுகுவதற்குள் வெளியே போக வேண்டும். சயனோ திரும்ப வந்தால் அந்த மூலையில் தண்ணீர் ஓட்டம் இல்லை என்று அர்த்தம், ஃபில்டர் வாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டியில் போட்டுச் சாக்கடையில் விடுவது நல்ல பழக்கம் இல்லை, ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபடலாம். நான் சொல்ல மாட்டேன்.

மழைக்காலமும் கரண்ட்டும்

நீலகிரியில் ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் மரம் விழுந்து கரண்ட் போவது சாதாரணம், சில சமயம் விடிய விடிய வராது. ஃபில்டர் நின்று சில மணி நேரம் ஆனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், இரண்டு வாரம் கழித்துப் பாசி வந்து நிற்கும்போது அதற்கும் அன்றைய கரண்ட்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் கரண்ட் போனதும் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே ஏர் ஸ்டோன் பக்கத்தில் போட்டுவிடுங்கள். கரண்ட் வந்ததும் கேனிஸ்டரில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட விட வேண்டும், அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அடுத்த ஒரு வாரம் சாப்பாடு பாதி, வெளிச்சம் 5 மணி நேரம், இரண்டு முறை தண்ணீர் மாற்றம்.

வழித்தெடுத்த பாசியையும் அள்ளிய சால்வினியாவையும் ஓடையிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வெயிலில் காயப்போட்டு ரோஜாச் செடி அடியில் போட்டால் நன்றாகப் பிடிக்கும், தொட்டியில் இருந்து இறைத்த தண்ணீரையும் அங்கேயே ஊற்றலாம், பெராக்சைடு விட்ட அன்றைய தண்ணீரை மட்டும் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள்.